இடது ஓரத்தில் ஒரு டச்சுக்காரர்

அவருடைய முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். இடது ஓரத்தில் அவர் முன்னால், நான் பின்னால். அவர் பறக்க வேண்டியவர், நான் காக்க வேண்டியவன். தொண்ணூற்றெட்டின் வசந்தம், அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்ற ஊர். எங்கள் அலுவலகக் கால்பந்து அணியில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டு இன்ஜினியர்கள். அவர் டெஸ்டிங் பிரிவில் இருந்தார். ஹாலந்தில் பெரிய மைதானங்களில் ஓரத்தில் ஓடும் விங்கராக ஆடி, முழங்காலை இரண்டு முறை அறுத்துக்கொண்டு, மனைவியின் வேலைக்காக டெக்சாஸ் வந்தவர். வயதில் மூத்தவர் என்பதால், ஆட்டத்துக்கு நடுவிலும் "சார், பாஸ் சார்!" என்றுதான் கத்துவோம். "நீங்க சார் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்து போயிடுதுப்பா" என்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் என் காது தமிழிலேயே வைத்திருக்கிறது.

கடல் தாண்டினால் ஒரு விங்கரின் புகழ் என்ன ஆகும்? கழுத்தில் தொங்கும் அலுவலக பேட்ஜ் ஆகும், அவ்வளவுதான். அவர் ஹாலந்தில் ஆட்டத்தை விட்டபோது மகள் கைக்குழந்தை. அந்த வசந்தத்தில் பதினான்கு வயது. அவளுக்கு அப்பா என்றால் புல் வெட்டுகிறவர், டோல்வே நெடுஞ்சாலையில் முணுமுணுத்தபடி கார் ஓட்டுகிறவர். எங்கள் ஆட்டங்களுக்கும் அவள் வந்ததில்லை; ஓடும் அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. இன்னும் ஒரே ஒரு ஆட்டம், அதிலும் முதல் பாதி மட்டும், பிறகு ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரே ஆட்டம் அலுவலகங்களுக்கு இடையிலான கோப்பையின் இறுதி. "சனிக்கிழமை அவளைக் கூட்டிட்டு வரேன்" என்று காபி மெஷின் பக்கத்தில் சொல்லிவிட்டு, முதல் இன்டர்வியூவுக்குப் போகிறவன் மாதிரி பேட்ஜை நேராக்கிக்கொண்டார்.

வந்தாள். அம்மாவின் பக்கத்தில், காதில் ஹெட்போன், மடியில் புத்தகம்.

முதல் பாதியைக் கெடுத்தவன் நான். எதிரணி ஆள் பந்தோடு பாய்ந்து வர, குறுக்கே கால் போட்டேன். பந்து கிடைத்தது, என் பூட்ஸ் அவன் முழங்காலிலும் பட்டுவிட்டது. பட்டதும், யோசிக்கவே இல்லை, குனிந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பஸ்ஸில், பந்தியில், பிறந்ததிலிருந்து செய்த காரியம். அவன் திகைத்து நின்றான். அவனுடைய கூட்டாளி திகைக்கவில்லை; பந்தை எடுத்துப்போய் கோல் அடித்தான்.

"என்றா பண்ணறே? கும்புடறதுக்கு இதென்ன கோயிலா? பந்தப் பாருடா சாமி!" எங்கள் முன்கள ஆட்டக்காரன், கோயம்புத்தூர்க்காரன், மைதானத்தின் மறுகோடியிலிருந்து கத்தினான்.

இடைவேளையில் டச்சுக்காரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். என்ன செய்தாய் என்றார். சொன்னேன்: ஒருவர் மேல் கால் பட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மனசு ஒப்பாது. அவர் தன் காலுறையை இறக்கிக் காட்டினார். வாய்க்கால் வாய்க்காலாகத் தழும்பு.

"இத்தனை பேர் உதைச்சிருக்காங்க. ஒருத்தன்கூடக் குனிஞ்சது இல்ல. நீ கும்பிடு, நல்ல பழக்கம். ஆனா மேட்ச் முடிஞ்சதும் மொத்தமா கும்பிடு."

டாக்டர் கொடுத்த நேரம் அதோடு முடிந்திருந்தது. அவர் மகள் இருந்த பக்கம் பார்த்தார். ஹெட்போன் கழலவில்லை, புத்தகத்தில் பக்கம்தான் புரண்டிருந்தது. பூட்ஸ் கயிற்றை மறுபடி இறுக்கினார். அவர் மனைவி பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி. மறுபடி அதே ஆள், மறுபடி என் கால் அவன் மேல். கை தானாகக் கிளம்பியது. இழுத்துப் பிடித்தேன், பாவம் போகட்டும் என்று பந்தை ஓரமாகத் தள்ளினேன். அவர் எடுத்தார். ஐம்பதை நெருங்கிய அந்த உடம்பு வெள்ளைக் கோட்டை உரசிக்கொண்டு போனது, போனது, நின்றது. விங்கர் என்றால் ஓடுகிறவன் என்று நினைத்திருந்தேன். நிற்கத் தெரிந்தவன் என்று அன்று கண்டேன். தடுக்க வந்தவன் தன் வேகத்திலேயே அவரைத் தாண்டிப் போய்விட்டான். ஒரு எட்டு, இடது காலால் ஒரு வளைவு. பந்து நேராகக் கோயம்புத்தூர் நெற்றியைத் தேடி வந்தது. கோல்.

அவர் மட்டும் கொடிக்குச்சி அருகே புல்லில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் போயிருந்தது. நாங்கள் இருவர் தோள் கொடுத்து வெளியே கொண்டுவந்தோம். கடைசியில் ஆட்டத்தில் தோற்றோம். எனக்கு வருத்தமே வரவில்லை. இன்றும் பக்கத்து ஊரான பிளானோவில் எந்த விருந்திலும் தட்டை ஏந்தியபடி சொல்வேன், அவருக்குப் பின்னால் ஆடியவன் நான் என்று.

ஐஸ் பையை முழங்காலில் கட்டிக்கொண்டு அவர் கிடக்க, மகள் வந்து மண்டியிட்டாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"அது எப்படிப்பா பண்ணீங்க?"

அவர் இரண்டு காகிதக் கோப்பைகளைப் புல்லில் வைத்தார். ஒன்று தான், ஒன்று தடுத்தவன். விளக்கத் தொடங்கினார்.

"இல்லப்பா," என்று அவள் இரண்டாவது கோப்பையை ஒரு சாண் நகர்த்தினாள். "அவன் இங்கதான் நின்னான். நான் பார்த்தேன்."

அவர் திருத்தவில்லை. நகர்த்திய இடத்திலேயே கோப்பை இருந்தது.