உர்சுலா வாங்கிய மாடு

1911-ல் உர்சுலா போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலை விட்டு இறங்கியபோது, அவளைக் கூட்டிப்போக வந்தவன் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். காரைக்காலில் பாதிரியார் பேசி முடித்த மாப்பிள்ளையின் பெயர் இக்னேஷியஸ். ஆள் மாறிவிட்டதோ என்று அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

“பயப்படாதேம்மா. நான் அய்யாவு. மாட்டு வண்டி ஓட்டுறேன். இக்னேஷியசுக்குக் காய்ச்சல், எழுந்திரிக்க முடியல. என்னைப் போகச் சொன்னான்.”

“எப்படி நம்புறதுண்ணே?”

அய்யாவு யோசித்தான். “அவனுக்கு இடது காது மந்தம். அதை உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினான்.”

பொய்யன் இப்படிப் பேசமாட்டான் என்று அவளுக்குப் பட்டது. ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள்.

இக்னேஷியஸுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. காய்ச்சல் தணிந்ததும் புடு அந்தோணியார் கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். நல்ல மனுஷன். அவனுடைய வலது பக்கமாகவே நடந்து, அந்தக் காதில் நாள் முழுக்கப் பேசினாள் உர்சுலா. மகதலேனா பிறந்தாள். அடுப்படியில் பிள்ளை ஊர்ந்துகொண்டிருக்க, கணவன் வேலை முடிந்து வரும் சத்தத்துக்குக் காத்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்ததை நினைத்து ஏங்க அவளுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை.

1918-ல் வந்த விஷக்காய்ச்சல் இக்னேஷியஸைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த பிறகு அவனோடு வேலை செய்தவர்கள் கூடி, தாயையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

உர்சுலா தலை நிமிராமல் கேட்டாள்: “டிக்கெட் வேண்டாம்ணே. அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கித் தருவீங்களா?”

பின்வரிசையில் நின்ற அய்யாவுதான் முதலில் வாய் திறந்தான். “சாலாக் செலாத்தான்ல ஒரு நல்ல மாடு இருக்கு. நான் பாத்திருக்கேன்.”

அந்த ஒரு மாடு சில வருஷங்களில் ஒரு கொட்டகை நிறைய மாடுகளாயிற்று. ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கெல்லாம் அவள் பால்தான். தண்ணீர் கலக்கமாட்டாள், கடனுக்கும் தரமாட்டாள், பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் இரண்டாவதை மறந்துவிடுவாள். செங்கல் ஏற்றிப் போகும் அய்யாவு, திரும்பும்போது வண்டி நிறையப் புல் அறுத்துவந்து கொட்டுவான். கொடுக்கும் மோரைக் குடிப்பான், போய்விடுவான். வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

1926 கடைசியில் பெரிய வெள்ளம் வந்தது. கிள்ளான் ஆறு கரை புரண்டு பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் ஓடியது. உர்சுலா மகளை ரயில் மேட்டுக்கு அனுப்பிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று மாடுகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அய்யாவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“விட்டுட்டு வாம்மா. உயிர் பெரிசா, மாடு பெரிசா?”

“ரெண்டும்தான். அந்தச் செவலையைப் பிடிங்கண்ணே.”

இரண்டு பேருமாக இழுத்தும் தள்ளியும் மாடுகளை மேட்டில் ஏற்றினார்கள். ஒரு கன்று போய்விட்டது, மற்றதெல்லாம் பிழைத்தது. தண்ணீர் வடியும்வரை மேட்டில் ஒதுங்கியிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் அங்கேயே பால் கறந்து, தகரக் குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். காசு கேட்கவில்லை.

வெள்ளம் போன பிறகு அய்யாவு கொட்டகைக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். உர்சுலா மோரோடு வந்து நின்றாள்.

“இனிமே உங்களை அண்ணேன்னு கூப்பிடப் போறதில்லை.”

அவன் பதறிப்போனான். “நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“தப்பு ஒண்ணும் இல்லை. அப்படிக் கூப்பிட்டுக்கிட்டே உங்களைக் கட்டிக்க முடியாது.”

அய்யாவு கையிலிருந்த கம்பைக் கீழே வைத்தான். “உங்க கோயில் சாமியார் ஒத்துக்கணுமே.”

“அதை நான் பேசிக்கிறேன்.”

பேசினாள். வேறு சாமி கும்பிடுகிறவனைக் கட்டிக்கொள்ள ஆயரின் அனுமதி வர மாதங்களாயின. மணி அடிக்காமல், பாட்டில்லாமல், கோயில் பின்னறையில் கல்யாணம் நடந்தது. தெரு கொஞ்ச நாள் பேசியது; பிறகு பாலுக்கு வந்தது. மகதலேனா மட்டும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவளுக்கு அம்மை போட்டபோது அய்யாவு வேப்பிலையோடு படுக்கை அருகிலேயே கிடந்தான். தலைக்கு ஊற்றும்போது கோபமும் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உர்சுலா பூசைக்குப் போவாள். அவன் வெளியே மரத்தடியில் வண்டியோடு காத்திருப்பான். அவன் காவடி பார்க்கப் பத்துமலைக்குப் போகும் நாளில் அவள் கட்டுச்சோறு கட்டித் தருவாள். ஒருவர் சாமியை மற்றவர் குறை சொன்னதில்லை. மகளைக் கிள்ளானில் ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் கொட்டகையே ரெண்டுபடும்.

1938-ல் ஒரு விடியற்காலை, பால் கறந்துகொண்டிருந்தவள் மார்பு அடைக்கிறது என்று மாட்டின் விலாவில் தலை சாய்த்தாள். மாடு அசையாமல் நின்றது. அய்யாவு ஓடிவந்து அவளை மடியில் தாங்கிக்கொண்டான்.

“வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகவா?”

“வேண்டாம். இங்க நல்லாத்தான் இருக்கு,” என்றாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சேராஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியை வேறு வண்டியில் ஏற்ற அய்யாவு விடவில்லை. தன் வண்டியிலேயே, தானே ஓட்டிப் போனான். பின்னால் குவார்ட்டர்ஸ் ஜனமெல்லாம் நடந்து வந்தது. மகதலேனா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அய்யாவு கறந்த பால் வெயில் ஏறிய பிறகுதான் வீடுகளுக்குப் போயிற்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.