தல்லாகுளத்தில் என் முன்பல்லுக்கு நடந்த பேரம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியதற்கும் என் முன்பல்லுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மூன்று வருடமாகக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க அதுதான் காரணம். நடுவில் கருப்பாக ஒரு குழி. இப்போதே அடைக்காவிட்டால் பிடுங்க வேண்டியதுதான் என்று உசிலம்பட்டியில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஆடி மாதம், சந்தை இல்லாத ஒரு வியாழக்கிழமை, அப்பாவோடு மதுரைக்குக் கிளம்பினேன். அப்பா மாட்டுத் தரகர்.

எழுமலையில் காலை 6.10 பஸ். உசிலம்பட்டிக்கு ஆறு ரூபாய். அங்கிருந்து ஆரப்பாளையம் சுமார் நாற்பது கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும். தல்லாகுளத்துக்கு டவுன் பஸ் நாலு ரூபாய், பிறகு பத்து நிமிட நடை. பல் மருத்துவக் கல்லூரியில் சீட்டு பத்து ரூபாய். வைத்தியம் இலவசம், ஏனென்றால் பார்ப்பவர்கள் மாணவர்கள்.

எனக்குப் பல் பார்க்க வந்த மாணவி அக்காவை அப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தன பல்லு அடச்சிருக்கீக தாயி?"

"மனுசங்களுக்கு இதான் மொதல்ண்ணே. மெஷின்ல நாப்பது அடச்சிருக்கேன்."

"அந்த மெஷின ஓட்டிக் காட்டுங்க."

பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர், கருப்புக் கண்ணாடி, இரும்புக் கையில் மாட்டிய பேனா. கண்ணாடியைப் போட்டால் தேங்காய் அளவுக்குப் பல் அந்தரத்தில் நிற்கிறது. பேனாவால் தொட்டால், அங்கே ஒன்றுமே இல்லை, ஆனால் கையில் கல் மாதிரி இடிக்கிறது. சொத்தையில் மட்டும் மெத்தென்று இறங்குகிறது. நான் வாயைப் பிளந்தேன். அப்பா அசரவில்லை.

"நம்ம துண்டுப் பேரந்தேன் இது. கண்ணுக்கு ஒண்ணுந் தெரியாது, கைக்கு எல்லாந் தெரியும்."

சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் மாட்டு விலை பேசுவார்கள்.

அக்கா குடைந்து காட்டினார். சட்டென்று திரை சிவந்து மெஷின் கத்தியது. நரம்பில் பட்டுவிட்டதாம்.

"பல்லு செத்துருச்சா?"

"ஆமாண்ணே."

"எம்மகளுக்கு முன்னால ரெண்டுதேன் இருக்கு தாயி. இன்னொருக்கா."

நாலாவது தடவைதான் சத்தம் வரவில்லை. அதுவரை என் கை என் வாயை விட்டு இறங்கவில்லை.

பிறகு நாற்காலி. வலித்தால் கையைத் தூக்கச் சொன்னார் அக்கா. சுற்றி எட்டு மாணவர்கள் நிற்க, எனக்குக் கூச்சம். அப்பா என் கைமேல் துண்டைப் போட்டார்.

"வலிச்சா எம் விரலப் பிடி. அஞ்சு பிடிச்சா நிறுத்தச் சொல்றேன்."

குடையத் தொடங்கியதும் மூன்று விரல் பிடித்தேன். பழக்க தோஷம், அப்பா ஒன்றை மடக்கிவிட்டு இரண்டைத் திருப்பித் தந்தார். நாலு பிடித்தேன். மூன்றாவது விரலைப் பாதி மடக்கி இரண்டரை தந்தார். "கட்டாது" என்று முனகல் வேறு. என் வலிக்குப் பேரம்! வந்த கோபத்தில் ஐந்தையும் சேர்த்து நெரித்தேன்.

"நிறுத்து தாயி! பார்ட்டி எறங்கி வர மாட்டேங்குது!"

அறையே சிரித்தது. அக்கா கருவியை ஏற்கனவே வெளியே எடுத்திருந்தார். "என் கைக்கும் அங்கனயே கல்லு மாதிரி தட்டுப்பட்டுச்சுண்ணே. சொத்த தீந்துருச்சு, நரம்பு தப்பிச்சிருச்சு" என்றார். அடைத்து முடிக்கும்போது மணி 12.20.

நீங்கள் போவதானால் ஒன்பதுக்குள் சீட்டு எடுங்கள். மாணவர்கள் என்று பயப்படாதீர்கள், மெஷினைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள், மாட்டுத் தரகர் மட்டும் வேண்டாம்.

திரும்பும்போது அப்பா கண்டக்டரிடமும் 'பார்ட்டி' கதையைச் சொன்னார். பஸ்ஸே சிரித்தது, நானும்தான். செக்கானூரணி தாண்டித்தான் கவனித்தேன், என் இரண்டு கையும் மடியில் கடலைப் பொட்டலத்தின் மேல் இருந்தன.