தண்ணீர் கட்டிய தோட்டம்

வேன் பள்ளி வாசலைத் தாண்டியதும் பிரிசில்லா தண்ணீர் பாட்டில்களைத் திறக்கத் தொடங்கிவிடுவார். பிள்ளைகள் மிச்சம் வைத்ததையெல்லாம் காலடியில் இருக்கும் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் ஊற்றுவார். பாட்டிலை மூடி, அந்தந்தப் பிள்ளையின் பையிலேயே திரும்பச் செருகுவார். கடப்பாக்கம் நிறுத்தம் வரும்போது கேன் பாதி நிறைந்திருக்கும்.

"சஹானா இப்பல்லாம் பாட்டிலைக் காலி பண்ணிடறாளே, நீங்க சொல்லித்தானா?" என்று வங்கியில் வேலை பார்க்கும் வசுமதி ஒருநாள் மகளை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"நல்லா குடிக்குதும்மா கொழந்த" என்றார் பிரிசில்லா, முகம் மாறாமல்.

பொய்தான். ஆனால் அந்தத் தண்ணீரை நம்பித்தான் தோட்டத்தில் பன்னிரண்டு நாற்றுகள் இருந்தன. அவர் வீட்டுக் கிணற்று நீரை அப்போது எதற்கும் ஊற்ற முடியாது. அதைக் கெடுத்ததும் அவரேதான்.

ஐம்பத்திரண்டு வயது. பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. கணவர் பூபாலன் தண்ணீர் கேன் போடுகிறார். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் மணல். அங்கே கத்தரி, வெண்டை, மிளகாய், ஒரு முருங்கை, இரண்டு வாழை இருந்தன. வேலைக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு செடியின் தலையையும் தொட்டுக்கொண்டே நடப்பார், வேனில் பிள்ளைகளின் தலையைத் தொட்டு எண்ணுவதைப் போல. சாய்ந்த செடியிடம் "நேரா நில்லு" என்பார். இரண்டு இடத்திலும் ஒரே குரல்.

போன ஆண்டு மழை பொய்த்தது. மாசியிலேயே வெயில் மே மாதத்தைப் போல அடித்தது. இந்தக் கடலோரத்தில் உறைக்கிணறு வைத்திருப்பவர்கள் குடத்தால் மொள்ளுவார்கள், அல்லது மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவார்கள். பிரிசில்லா காலையில் போட்ட மோட்டாரை, அது காற்றை உறிஞ்சிக் கத்தும் வரை நிறுத்தவில்லை. இலைகளின் ஓரம் கருகியபோது தாகம் என்று நினைத்தார். இன்னும் ஊற்றினார். கருகல் கூடியது. இன்னும் ஊற்றினார். ஒருநாள் பாத்திகளில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளை பூத்திருந்தது.

"நல்ல தண்ணி மேல மெதந்துகினு கீது, உப்பு கீழ கீது" என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறார். "நான் ஒரே இழுப்பா இழுத்து ரெண்டையும் கலக்கிட்டேன். வெயிலு ஒண்ணும் பண்ல. கொன்னது நானு."

வெயிலின் மேல் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். ஊரே அப்படித்தான் சொன்னது. அவர் சொல்லவில்லை. அதே சமயம், குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அவர் பணிவாகிவிடவும் இல்லை. மண்ணைச் சோதனைக்கு அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, "சோதிச்சிட்டேன்" என்றார். தோட்டத்தைக் கெடுத்த உறுதியும் இதுதான், மீட்கப் புறப்பட்ட உறுதியும் இதுதான். முன்கூட்டியே இரண்டையும் பிரித்தறியும் வழி எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் மழையில் தெருவில் எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கி, கொல்லைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வெளியேற்றினார்கள். பிரிசில்லாவும் மண்வெட்டியோடு இறங்கினார். தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்புப் போட்டு, தண்ணீரை உள்ளே கட்டினார்.

பக்கத்து வீட்டு சந்திரம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னா பிரிசில்லா, ஏரி வெட்டிகினு கீற? மதுராந்தகம் ஏரிக்கே போட்டியா?"

"மீனு வுட்டா உனுக்கும் ரெண்டு தரேன், போ."

சிறு வயதில் செய்யூர்ப் பக்கம் நாற்று நடப் போனவர் அவர். உப்பேறிய வயலில் நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கீழே இறங்கவிட்ட பிறகே நடவு தொடங்கும் என்பது அந்தக் கூலிவேலையில் தெரிந்தது. தண்ணீர் மணலில் இறங்க இறங்க, வரப்பில் உடைப்பு விழாமல் அடைத்தார். அடுத்த மழைக்கு மறுபடியும் கட்டினார். ஆனால் வெயிலிலும் உப்பிலும் தாக்குப்பிடித்த ஒரே மரம் முருங்கை. தண்ணீர் தேங்கினால் அது நிற்காது. அவருக்கும் அது தெரியும். ஐந்தாம் நாள் வேர் அழுகிச் சாய்ந்தது.

"இருந்த ஒண்ணையும் சாவடிச்சிட்டியே" என்றார் பூபாலன்.

"மண்ணு வேணுமா, மரம் வேணுமா? ரெண்டும் கெடைக்காதுய்யா."

பூபாலனுக்கு இரண்டுமே வேண்டியதில்லை. வாசலில் கேன்கள் வெயிலில் கிடக்கின்றன. பின்னால் கான்கிரீட் போட்டு, மேலே தகரம் வேய்ந்தால் நூறு கேன் அடுக்கலாம். நியாயமான ஆசைதான். லெந்து தவக்காலம் தொடங்கிய அன்று, வீட்டில் கறி நின்றுபோன அந்த வேளையில், அவர் ஒரு கெடு வைத்தார். "பெரிய வெள்ளிக்குள்ள இந்தத் தோட்டத்துக் காயில ஒரு நாள் கொழம்பு வையி. வுட்டுடறேன். இல்லன்னா கான்கிரீட்டு."

"எழுதி வச்சிக்கோ" என்றார் பிரிசில்லா.

முதலில் தண்டுக்கீரை வந்தது. கடைந்து தட்டில் போட்டார். பூபாலன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இது கீரை. நான் கேட்டது காயி" என்றார். கத்தரி நாற்றில் பாதி பட்டுப்போனது. மீதி நின்றது, பூக்கவில்லை. மூலையில் ஊன்றிய பீர்க்கன் மட்டும் குச்சியைத் தாண்டி வளர்ந்து, பற்றிக்கொள்ள இடமில்லாமல் தரையில் படர்ந்தது. மஞ்சள் பூக்களுக்குக் கீழே விரல் நீளத்தில் மூன்று பிஞ்சுகள். கெடுவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பூபாலன் கொத்தனார் தீனதயாளனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பத்து நாள் கீதே" என்றார் பிரிசில்லா.

"அளவுதான் எடுக்கறோம். அளந்தா செடி செத்துடுமா?"

"அண்ணாத்த சொல்றதும் சரிதானக்கா" என்றபடி தீனதயாளன் ஒரு மூலையில் முளை அடித்தார். நைலான் நூலைக் கட்டி, எதிர் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். தரைக்கு ஒரு சாண் மேலே நூல் விறைப்பாக நின்றது. "இந்த மட்டத்துக்குக் கான்கிரீட்டு வருங்க்கா."

பிரிசில்லா கையிலிருந்த எண்ணெய் கேனைக் கீழே வைத்தார். தீனதயாளனிடமிருந்து நூலின் நுனியை வாங்கினார். அதைத் தாழ்வாகக் கட்டாமல், சுவரில் துணிக்கொடிக்கு அடித்திருந்த ஆணி வரை தூக்கிப்போய், இழுத்து முடிந்தார்.

"அக்கா, அது அளவு நூலு."

"தெரியும்."

பிரிசில்லா குனிந்து, தரையில் கிடந்த பீர்க்கங்கொடியின் நுனியை இரண்டு விரலால் தூக்கினார். அதன் சுருளை நூலில் ஒரு சுற்றுச் சுற்றி, கையை எடுத்துப் பார்த்தார். நின்றது. அடுத்த நுனிக்குக் குனிந்தார்.