குழாயில் காது வைத்த மத்தியானம்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அந்த யுத்த காலத்துச் சித்திரை மாதம். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சின்னத் தெருவில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் மெக்கானிக் வாத்தியார். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரு ஆயில் எஞ்சினை வைத்துக்கொண்டு, யுத்த வேலைக்குப் போகிற ஆட்களுக்கு ரிப்பேர் கற்றுக்கொடுப்பார். கற்றுக்கொடுப்பார் என்றா சொன்னேன்? பேசுவார். கரும்பலகையில் படம் போட்டுப் போட்டுப் பேசுவார். முன்னால் இருப்பவன் கொட்டாவி விடுவான், பின்னால் இருப்பவன் குறட்டை விடுவான். சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டே கேட்கிற எனக்கும் கண் சொக்கும்.

ஒரு நாள் சோறு போடும்போது சொல்லிவிட்டேன். "இன்னாங்க, உலை கொதிச்சுதான்னு நான் படம் போட்டா பாக்கறேன்? சத்தத்த வச்சே சொல்லிடுவேன். உங்க எஞ்சினுக்கும் வாய் கீதுல்ல? அத்தப் பேச வுட்டுட்டு நீங்க கம்முனு இருங்களேன்."

"மூணாங்கிளாசு தாண்டாதவ எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டா" என்று முறைத்தார். ஆனால் மறுநாளே கொட்டகையில் கரும்பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒவ்வொருவன் கையிலும் ஒரு இரும்புக் கம்பி. கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, கம்பியின் ஒரு முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைக்கச் சொல்வார், மறுமுனையைக் காதோரத்து எலும்பில் அழுத்தச் சொல்வார். எஞ்சினின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் தலைக்குள் கேட்கும். எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்டே சொல்ல வேண்டும்.

கோளாறு பண்ணிவைக்கிற உத்தியோகம் எனக்கு. வகுப்புக்கு முன்னால் போய் ஒரு நட்டைத் தளர்த்திவிடுவேன். புளியங்கொட்டை போட்ட டப்பாவை எங்காவது செருகிவைப்பேன். ஒரு தடவை எங்கள் அலாரம் கடிகாரத்தை எஞ்சின் மேடைக்கு அடியில் கட்டிவிட்டேன். எந்த வால்வு இப்படி டிக் டிக் என்கிறது என்று பாவம், சாயங்காலம்வரை தேடினார்கள். அப்புறம் யாருக்கும் தூக்கமே வரவில்லை. ஆளுக்கு ஆள் போட்டி.

அப்போதுதான் தெரு காலியாயிற்று. எங்கள் பக்கத்தில் எங்களைத் தவிர ஒரு வீடு பாக்கியில்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. ஒரு வாசலிலும் கோலம் கிடையாது. இழவு விழுந்த வீட்டில்தானே கோலம் போடமாட்டோம்? தெரு முழுக்க அப்படி இருந்தால் எப்படி இருக்கும்! தினமும் சோறு வைத்த கை எங்கே என்று காக்காய்கள் வீட்டுக்கு வீடு மதில்மேல் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். கத்தவும் கத்தாது.

வகுப்பிலும் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் குப்பத்து ஆள், நடு வயசு, வாய் ஓயாது. இன்னொருவர் மாடவீதிக்காரர், அதிர்ந்து பேசமாட்டார்.

ஒரு மத்தியானம் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் மோர் குடித்தோம். குப்பத்து ஆள் விளையாட்டாக வாசலில் இருந்த தெருக்குழாயில் கம்பியை வைத்துக் காதைக் கொடுத்தார். "கார்ப்பரேசன் இன்னா பேசிக்கினு கீதுன்னு பாப்போம்" என்றவர் சட்டென்று வாயை மூடினார். அந்த மனுஷன் வாயை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உள்ள எவனோ தட்றான், வாத்யாரே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணி, இது உன் வேலதானே? டப்பாவ எங்க கட்டிக்கீறே?"

"சத்தியமா நான் இல்லப்பா."

"கடிகாரத்துக்கும் இதே சத்தியந்தான் பண்ணே!"

சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் நானே போய்க் கம்பியில் காதை வைத்தேன். டொக். டொக். கொஞ்சம் ஓய்வு. மறுபடி டொக். பூமிக்கு அடியில் யாரோ பொறுமையாகக் கதவைத் தட்டுகிற மாதிரி. என் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் சிரிப்பு நின்றுபோனது.

எங்கள் வீட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினார். கம்பியில் காதை வைத்தார். நாங்களும் ஆளுக்கொரு கம்பியை வைத்தோம்.

டொக். டொக். அப்புறம் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பழையபடி தட்டத் தொடங்கியது.

எஞ்சினில் எப்படித் தேடுவார்களோ அப்படியே தேடினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழாய் சுவரேறுகிற இடத்தில் கம்பியை வைப்பது, கேட்பது, அடுத்த வீடு. போகப்போகச் சத்தம் கூடியது. தெருக்கோடிக்கு முந்தின பச்சை வீட்டில் கம்பியை வைத்தபோது காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. அந்த வீட்டைத் தாண்டினால் குறைந்தது.

பச்சை வீட்டு வாசலில் பெரிய பூட்டு. அந்த வீட்டு மருமகள் கிணற்றில் விழுந்து செத்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. குடித்தனக்காரர்கள் ஊரைவிட்டுப் போனதை எங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தோம்.

"சார், ஆத்துல கொஞ்சம் வேலை இருக்கு. நான் போறேனே" என்றார் மாடவீதிக்காரர்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வேறு பயம். பூட்டிய வீட்டில் கை வைத்தால் கொள்ளைக்காரன் என்று பிடித்துப்போய்விடுவார்கள். காலியான ஊரில் நமக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அவரும் உள்ளே, வகுப்பும் மூடல். குழாயையும் பூட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பேச்சு வந்ததோ. "பேயா இருந்தா வெளிய வர அதுக்கு வழி தெரியும். மனுசனா இருந்தாத்தான் தெரியாது. பாத்துட்டு வந்துடுங்க" என்றேன்.

குப்பத்து ஆள் வேட்டியை வரிந்து கட்டினார். பின்பக்கச் சந்துக்குப் போனோம். கொல்லைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "நான் உள்ள போயி திரும்பலன்னா, எம் பொஞ்சாதிகிட்ட ஜப்பான்காரன் புட்ச்சிக்கினு போய்ட்டான்னு சொல்லிடு அண்ணி, பேய்னா நம்பமாட்டா" என்று சொல்லிவிட்டு மதிலேறிக் குதித்தார். உள்ளே கிணற்று ராட்டினம் ஒரு தடவை கிரீச்சென்றது. அப்புறம் சத்தமே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. அவர் தலையை நீட்டினார்.

"வாத்யாரே, ஓடியா. ஆளு கீறாரு."

குளியலறையில் அந்த வீட்டுச் சமையல்காரர் கிடந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள அவரை விட்டுவிட்டு, வாசலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவருக்குப் போக்குவரத்தெல்லாம் கொல்லைப்பக்கம்தான், அதனால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. பாசியில் வழுக்கி விழுந்து, வெந்நீர் போடுகிற பெரிய செப்புத் தவலை அடுப்புக்கல்லோடு மேலே சாய்ந்து, இடுப்புக்குக் கீழும் இரண்டு கையும் அதன் அடியில். எட்டாத தூரத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது.

தவலையைப் புரட்டித் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். பேச்சு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் சொன்னார், "நல்லவேள சாமி, நீங்க தட்டினீங்களோ, நாங்க வந்தோமோ."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நான் எங்கேப்பா தட்டினேன்? ரெண்டு கையும் அடியிலன்னா மாட்டிண்டிருந்தது? நீங்கதானே தட்டிண்டே இருந்தேள். யாரோ வந்துண்டிருக்கா, தூங்கிடப்படாதுன்னு அதைக் கேட்டுண்டே கெடந்தேன்."

மாடவீதிக்காரர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வெட்கப்பட்டு விட்டுவிட்டார். நானும் அவரைக் கேலி செய்கிற நிலைமையில் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து குழாயைத் திருகினார். இறுக்கி மூடினார், தட்டல் நின்றது. சற்றே திறந்தார், டொக் டொக். உள்ளே தோல் வாஷர் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சமையல்காரர் அதைத் திறக்க ஆரம்பித்ததுமே வழுக்கி விழுந்திருக்கிறார். தண்ணீர் வேகம் கூடிக் குறைகிறபோதெல்லாம் அது தானாக அடித்திருக்கிறது. வாஷரைக் கழற்றி எல்லோர் கையிலும் கொடுத்து, இதுதான் உங்கள் பேய் என்றார். எனக்கு உயிர் வந்தது.

குப்பத்து ஆள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செரி வாத்யாரே. நீ ரெண்டு தட்டுனே, அதுவும் ரெண்டே தட்டிட்டு நின்னுச்சே. அது எந்த வாஷரு?"

வாத்தியார் வாஷரை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். சமையல்காரரைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார், நொண்டி நொண்டியாவது நடந்தார். யாரும் எங்களைக் கொள்ளைக்காரர் என்று சொல்லவுமில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு எங்கள் வீட்டுக்காரர் கம்பியைக் கொடுத்துக் காது பழக்கினார். முன்னெல்லாம் ஒருவன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அடுத்ததற்குப் போய்விடுவார். அன்று தொடங்கி, காதால் சொன்னதைத் திறந்து கண்ணால் பார்த்துக் கையால் தொட்ட பிறகுதான் ஒருவனை விடுவார். அந்த இரண்டு தட்டலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நாம கேக்க நெனச்சது கேட்டுச்சு, போடி" என்பார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

இப்போது அவர் இல்லை. தியாகராய நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் குளியலறைக் குழாயும் சில சமயம் டொக் டொக் என்கிறது. வாஷர்தான் என்று எனக்கா தெரியாது? ஆனாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்து, உள்ளே யாரும் விழுந்து கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன். ஆனால் பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிற தைரியம் மட்டும் இன்றுவரை எனக்கு வரவில்லை.