தண்ணீர்த் தொட்டியின் எதிரொலி

"உனக்கு வாய் இருக்கா, இல்லையா?"

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. வீட்டிலும் பேச்சு குறைவுதான். ஆனால் அப்போதெல்லாம் பாடுவேன். யாரும் பார்க்காத இடமாக இருந்தால் போதும். இங்கே நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூட இட்டுக்கட்டியது அல்ல. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். சிரிப்பு எனக்குப் பழகியதுதான்.

அண்ணன் வீட்டின் பின்னறையை ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தான். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஜன்னலை அடைத்து நிறுத்திய பழைய மெத்தை. சுவர் அலமாரியின் தட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே சுற்றிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தான். அதற்குள் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு பாட வேண்டும். "இட்லிப் பானை மாதிரி வேகும். ஆனா தெருச் சத்தம் வராது" என்பான். எனக்கு அந்த இருட்டு பிடிக்கும். அங்கே என் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

என் வேலை ட்ராக் பாடுவது. பெரிய பாடகி வந்து பாடும்வரை, மெட்டு எப்படிப் போகிறது என்று காட்ட ஒரு குரல் வேண்டும். அவர் பாடி முடித்ததும் என் குரலை அழித்துவிடுவார்கள். இந்த முறை மட்டும் மியூசிக் மாஸ்டர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். "ட்ராக் நல்லா வந்தா உன் தங்கச்சி குரலையே வெச்சுக்கலாம்யா. படத்துல வரும்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அழிக்கப்படாத ஒரு பாட்டு. என் குரலில் ஒரே ஒரு பாட்டு.

கம்பளிக்குள் பாடிய குரல் வறண்டு கிடக்கும். அதற்கு ரிவெர்ப் சேர்க்க வேண்டும். அதாவது, ஒரு இடத்தின் எதிரொலி. அண்ணன் அதைத் தானே போய்ப் பிடித்துவருவான். காலி இடத்தில் ஒரு பலூனை உடைத்து, அந்தச் சத்தம் அலைந்து அடங்குவதைப் பதிவு செய்தால், கம்ப்யூட்டர் அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு யார் பாடினாலும் அந்த இடத்துக்குள் நின்று பாடுவதுபோலக் கேட்கும். அந்த வாரம் எங்கள் கட்டடத்தின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதற்காகக் காலி செய்திருந்தார்கள். என் பாட்டுக்கு அதன் எதிரொலியைத்தான் போட்டான்.

பிற்பகல். அலமாரிக்குள் நின்று பல்லவியைப் பாடி முடித்தேன். ஹெட்போனில் என் குரல் தொட்டிக்குள் சுழன்றது. தேய்ந்தது... இன்னும் தேய்ந்தது... பிறகு மூச்சை உள்ளே இழுத்தது.

"அண்ணா, யாரோ மூச்சு விடறாங்க."

"நீதான். மூச்சு விடறதுக்குத் தனியா ஆள் வெச்சிருக்கியா என்ன?"

என் குரலை மட்டும் ஊமையாக்கிவிட்டு, எதிரொலியைத் தனியாக ஓடவிட்டான். எங்கோ தூரத்தில் ஒரு பெண் பாடினாள். என் வரிகள்தான். என் குரல்தான். பாட்டின் ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் நான் சுருதி தவறியிருந்தேன்.

அவள் தவறவில்லை.

"பாத்தியா, ரிவெர்ப் எப்படிக் காப்பாத்துது" என்றான் அண்ணன். அப்படிக் காப்பாற்றாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் அவசரத்தில் இருந்தான்.

சரணம் தொடங்கியது. முதல் வரியை முடித்தேன். அவள் முடிக்கவில்லை. நீட்டிக்கொண்டே போனாள்.

அடுத்த வரிக்கு மூச்செடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த வரி கேட்டது...

ஹெட்போனைக் கழற்றினேன்.

இன்னும் கேட்டது.

என் முதுகுக்குப் பின்னால். கம்பளிக்கு அந்தப் பக்கம்.

சொட்... சொட்...

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். அண்ணன் ஹெட்போனோடு திரும்பிச் சிரித்தான். "இதுவரைக்கும் போதும், இதான்டி டேக். அனுப்பிட்டேன்னு வெச்சுக்கோ."

மறுநாள் காலை மாஸ்டர் அழைத்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"முன்னாடி பாடுற பொண்ணு வேணாம்யா. பின்னால தூரத்துல ஒண்ணு பாடுது பாரு, அதைக் கூட்டிட்டு வா. நேர்ல ஒரு டேக் எடுத்துடலாம்."

போனை வைத்ததும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ரெண்டும் ஒரே ஆள்னு மனுஷனுக்குத் தெரியல. கிளம்பு, கிளம்பு."

"அது நான் இல்ல."

"வரப் பயம்னா பயம்னு சொல்லு. அதுக்கு இப்படி ஒரு கதையா?"

பயம்தான். ஆனாலும் போவது என்று முடிவு செய்தேன். அவளைவிட நன்றாக நான் நேரில் பாடிக் காட்டினால் மாஸ்டர் மனம் மாறலாம். என் நீலச் சட்டையைக் குளியலறைக் கதவின் மேல் போட்டுவிட்டுத் தலைக்கு ஊற்றினேன்.

குளித்து முடித்துக் கையை நீட்டினேன். சட்டை இல்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால் அண்ணனும் இல்லை. கீழே அவன் வண்டியும் இல்லை. போன் அடித்தேன். எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான் என்று நினைத்தேன். அம்மா வேலையிலிருந்து வரும்வரை சட்டையைக் கேட்கவும் ஆள் இல்லை. அன்று பகல் முழுக்க அழுதேன்.

சாயங்காலம் சமையலறையில் இருந்தேன். வாசல் கதவு திறந்தது. காலடி ஒன்று நேரே பின்னறைக்குள் போனது. கொஞ்சம் கழித்து அண்ணன் வந்தான், ஹெல்மெட்டும் கையுமாக. முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் நின்றான்.

"அதுக்குள்ள சட்டையை மாத்திட்டியா? ஒரே டேக்ல முடிச்சிட்டியேடி. மாஸ்டர் எழுந்து நின்னுட்டாரு. உன் பழைய ட்ராக்கை அங்கேயே அழிச்சாச்சு."

"நான் எங்கயும் வரல."

"விளையாடாத. தலைகூடத் துவட்டாம வந்து வண்டியில ஏறின. போக வர ஒரு வார்த்தை பேசல. உன் வழக்கம்தானேன்னு விட்டுட்டேன். தொட்டியில பலூன் உடைச்ச அன்னிக்கும் அப்படித்தானே? நான் மேல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ரெடியா, ரெடியான்னு கத்தறேன். அந்த இருட்டுல இருந்து பதிலே இல்ல. டப்புனு உடைச்ச. நான் ஒயரைச் சுத்தி எடுக்கறதுக்குள்ள வீட்டுக்கும் வந்துட்ட. படியெல்லாம் ஈரக்கால்."

அன்று அவன் என்னைக் கூப்பிட்டது உண்மை. நான் கீழே போகக் கிளம்பியதும் உண்மை. ஆனால் தொட்டி கழுவ வந்தவர்கள் படியடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கூச்சத்தில் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டேன்.

"அண்ணா... நான் தொட்டிக்குள்ள இறங்கவே இல்ல."

அவன் சிரிப்பு நின்றது. என் காய்ந்த தலையைப் பார்த்தான். பின்னறைக் கதவைப் பார்த்தான்.

"அப்ப... இப்ப எனக்கு முன்னாடி உள்ள போனது யாரு?"

கதவு திறந்தது.

என் நீலச் சட்டை. சொட்டச் சொட்ட ஈரம்.

நான் நின்ற இடத்திலிருந்து முதுகு மட்டும்தான் தெரிந்தது. அண்ணனுக்கு முகம் தெரிந்தது. என்ன பார்த்தான் என்று இன்றுவரை அவன் சொன்னதில்லை.

யார் நீ என்று கேட்டேன். என் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டேன்...

வரவில்லை. அதன்பிறகும் வந்ததில்லை.

அவள் அண்ணனைக் கடந்தாள். வாசலைக் கடந்தாள்.

ஈரக்கால் பதியப் படியிறங்கிப் போனாள்.