இரண்டாவது வைரஸ்

ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வுக்கூடத்தில் அவரைத் தட்டு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கிருமி வளர்க்கும் தட்டுகளில் சூடான கூழை ஊற்றி ஆறவைப்பது அவர் வேலை. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் இருபத்திரண்டு வருட அனுபவத்தில், மூடியைத் திறந்ததுமே வரும் வாசனையை வைத்து இன்ன கிருமி என்று சொல்லிவிடுவார்.

கணவர் பஸ் டிரைவர். ஒரு விபத்தில் கால் எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். மூன்றாவது மாதம் ஒரு காலையில், வீட்டில் கட்டைப் பிரித்தபோது பழம் கனிந்ததுபோல ஓர் இனிப்பு வாசனை வந்தது. பஞ்சில் பச்சையாகக் கறை. ஆய்வுக்கூடத்தில் பலமுறை முகர்ந்த கிருமி என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னம்மா, புண்ணு ஆறுதா?" என்று கேட்டார் கணவர்.

"ஆறுதுங்க" என்று பொய் சொல்லிவிட்டு, அன்றே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அந்தக் கிருமியை அக்கா ஊற்றிய தட்டிலேயே வளர்த்துப் பார்த்தார்கள். பதினாறு மருந்துகள் வைத்தும் ஒன்றுகூட அதை அசைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் தலைவியான டாக்டரம்மா அக்காவை உட்காரவைத்துச் சொன்னார்: "இந்தக் கிருமியை மட்டும் தின்னுற வைரஸ் இருக்கு அக்கா. மனுஷனை ஒண்ணும் பண்ணாது. சாக்கடைத் தண்ணியிலதான் தேடணும்."

கணவரிடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "வைரஸ் வந்துடும்னு வருஷக்கணக்கா என்னை மாஸ்க் மாட்டிக்கிட்டு பஸ் ஓட்ட வெச்ச. இப்ப நீயே சாக்கடையிலேர்ந்து புடிச்சுக் குடுக்கறியா?"

அக்காவே பாட்டில்களோடு கிளம்பினார். ஏழு இடத்துத் தண்ணீரை வடிகட்டி, கணவரின் கிருமி படர்ந்த தட்டுகளில் சொட்டுச் சொட்டாக வைத்தார்கள். ஆறாவது தட்டில், பூச்சி அரித்த துணிபோலப் பொத்தல்கள். அந்த இடத்திலெல்லாம் கிருமி செத்திருந்தது. சுத்தம் செய்து, அனுமதி வாங்கி, மூன்று வாரம் கழித்து அந்த வைரஸைக் கணவர் உடம்பில் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அடுத்த வாரம் கம்பு ஊன்றி ஜன்னல் வரை நடந்தார்.

"இந்த வைரஸுக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?"

"பேரெல்லாம் இல்லைங்க, நம்பர்தான்."

"அப்ப நம்ம பஸ் மாதிரி" என்றார்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் திரும்பியது. கிருமி தன் மேல்தோலை மாற்றிக்கொண்டிருந்தது. வைரஸுக்கு இப்போது அதைப் பற்றிக்கொள்ள வழியில்லை. அக்கா மறுபடி பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஓடினார். பதினோராவது பாட்டிலில் கிடைத்தது இரண்டாவது வைரஸ்.

"சுத்தம் பண்ண பத்து நாள் ஆகும்" என்றார் டாக்டரம்மா.

"அப்படியே குடுத்துடலாமே டாக்டர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"செத்த கிருமியோட விஷம் அதுல கலந்திருக்கு. அப்படியே ஏத்தினா அந்த விஷமே அவரைக் கொன்னுடும் அக்கா."

அக்கா ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்தார். வார்டுக்குப் போனாலும் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். ஐந்தாம் நாள் கணவர் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் உக்காரேன்" என்றார்.

"தட்டு ஊத்தணுங்க. இன்னும் அஞ்சு நாளு பொறுத்துக்கோங்க."

மறுநாள், ஆறாம் நாள் மதியம், நர்ஸ் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றபோது அக்காவின் கையில் கூழ் ஊற்றும் குடுவை இருந்தது. நர்ஸின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. குடுவையைக் கீழே வைக்கத் தோன்றாமல், அதோடேயே வார்டுக்கு ஓடினார்.

பத்தாம் நாள் வைரஸ் தயாரானது. ஏற்றிக்கொள்ள அவர் இல்லை. அதை உறைபெட்டியில் வைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து, கொதிகலன் வெடித்து உடம்பு வெந்துபோன ஒரு பட்டறைத் தொழிலாளி வந்தார். புண்ணில் அதே வகைக் கிருமி. உறைபெட்டியில் இருந்த வைரஸைத் தட்டில் வைத்துப் பார்த்தார்கள். பொத்தல் விழுந்தது. ஒரு மாதத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். அவருடைய அம்மா விசாரித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்து, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் தேடிக் கண்டுபிடிச்சீங்களாமே. எம்புள்ளைக்கு உசுரு குடுத்தீங்க தாயி."

"புள்ளை பக்கத்துலயே இருங்கம்மா. எந்த வேலையா இருந்தாலும் அப்புறம் பாத்துக்கலாம்" என்று மட்டும் அக்கா சொன்னார்.

அந்த அம்மா போனதும் டாக்டரம்மாவிடம் போய் நின்றார். "சந்தோஷப்படணும்னு தெரியுது டாக்டர். வரமாட்டேங்குது."

டாக்டரம்மா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். அக்கா இரண்டு நாள் லீவு கேட்டு எழுதினார். காரணம் என்ற இடத்தில் எதையும் எழுதவில்லை. டாக்டரம்மா அப்படியே கையெழுத்துப் போட்டார்.