எண்ணெய்த் தலையோடு சிங்கப்பூர் அருவியில்

அருவிக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் வீட்டில் எண்ணெய்க் கிண்ணம் வெளியே வந்துவிடும். தலை சொதசொதக்க எண்ணெய் தேய்த்து, பழைய உடுப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு, மாற்றுத்துணியைப் பையில் திணித்துத் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ் ஏறுவோம். அருவியைச் சும்மா பார்த்துவிட்டுத் திரும்பி வந்த மனிதர் எவரையும் பதினான்கு வயது வரை நான் கண்டதில்லை. கண்டிருந்தால் சிங்கப்பூரில் எனக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், பல ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு மாணவர் சுற்றுலாக் குழு சிங்கப்பூர் கிளம்பியது. நானும் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா போலீஸ்காரர். சீசனில் அவருக்குக் குற்றாலத்தில்தான் டியூட்டி. அவர் விசில் ஊதினால் அருவியில் நிற்கிற கூட்டம் மொத்தமும் நகர்ந்து கொடுக்கும். ஆனால் வீட்டுக் காரியம் எதுவானாலும் ஆலங்குளத்துப் பெரியப்பா தலையாட்டாமல் அப்பா ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார்.

பெரியப்பா லேசில் தலையாட்டவில்லை. “பொம்பளப் பிள்ளைய கடல் தாண்டி அனுப்பணுமாலே?” என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே ஏதேதோ சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் பெரியப்பா மனமிரங்கி, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். “போயிட்டு வரட்டும். ஆனா அவளப் பத்தி ஒரு சொல்லு வந்துச்சுன்னு வையி, பன்னெண்டாப்போட படிப்பு முடிஞ்சுது. வெளியூரு, ஆஸ்டலுன்னு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது.” எனக்கோ வெளியூரில் தங்கி என்ஜினீயரிங் படிக்கவேண்டும் என்று கொள்ளை ஆசை. நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு வருவதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாட்கள் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் எங்களை அழைத்துப் போயிருந்த குழுத் தலைவர், சென்னைக்கார இளைஞர், மறுநாள் காலையில் அருவிக்குப் போகிறோம் என்று அறிவித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோடையில் எங்கள் ஊர் அருவிகளில் வெறும் பாறைதான் தெரிந்தது. காலையில் எழுந்து, அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் முழுவதையும் தலையில் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டேன். பழைய சுடிதார், தோளில் துண்டு, கையில் மாற்றுத்துணிப் பை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கோயம்புத்தூர்ப் பெண் மெதுவாக எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். காற்றுக்காக ஜன்னலோரம் போகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் அது ஒரு பெரிய கண்ணாடிக் கூடம். உள்ளே ஒரு மலை, மலை முழுக்கச் செடிகொடிகள், உச்சியிலிருந்து சோவென்று கொட்டுகிற தண்ணீர். மலையும் அருவியும் மனிதர் செய்து வைத்தவை. பிள்ளைகள் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமாக நின்று, சிரித்துச் சிரித்துப் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் தலையிலும் எண்ணெய் இல்லை. என் நெற்றியிலோ எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அழுகை முட்டியது. இத்தனை எண்ணெயோடு நாள் முழுக்க ஊர் சுற்றுவதா? கண்ணெதிரே இவ்வளவு தண்ணீர் விழும்போது நனையாமல் திரும்புவதா? என் கால்கள் என்னிடம் கேட்கவில்லை. தடுப்பைத் தாண்டிப் போய் அருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டேன்.

சுகமாகத்தான் இருந்தது. எங்கோ விசில் சத்தம் கேட்டது. குற்றாலத்தில் விசில் கேட்டால் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விடுவோமே, அதுபோல மரியாதையாக நகர்ந்து நின்றுகொண்டேன். விசில் இன்னும் பலமாகக் கேட்டது. நானும் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். கண்ணைத் திறந்தபோது இரண்டு காவலர்களும், முகம் வெளுத்துப்போன குழுத் தலைவரும் எதிரே நின்றார்கள்.

காவலர்கள் எச்சரித்து விட்டுவிட்டார்கள். குழுத் தலைவர் விடவில்லை. அங்கேயே என் வீட்டுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு வெடவெடத்தேன். என் படிப்பு அந்தத் தண்ணீரோடு போய்விட்டது என்று தெரிந்துவிட்டது.

“வழுக்கிக் கிழுக்கி விழலியே சார்?” என்றார் அப்பா. “மன்னிச்சிருங்க. எங்க ஊர்ல அருவின்னா குளிக்கதுக்குத்தான். நாந்தான் சொல்லி அனுப்பிருக்கணும், என் தப்பு.” அப்புறம் என்னிடம், “ஏட்டி, தலையத் தொவட்டு” என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

மிச்ச நாட்களில் சிங்கப்பூரில் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரியப்பாவின் முகம்தான் எல்லா இடத்திலும் தெரிந்தது. ஊர் திரும்பிய அன்று அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு சுக்குப் பொட்டலம். நான் போய் எதிரே நின்றேன்.

“சளி எப்படிம்மா இருக்கு? போன் வந்தப்ப நானும் இங்கனதான் இருந்தேன். உங்கப்பன் போனத் தூக்கிட்டு வாசலுக்குப் போயிப் பேசிட்டு வந்து, தண்ணி மாறுனதுல உனக்குச் சளி பிடிச்சிட்டுன்னு சொன்னான்” என்றார்.

அருவியில் நனைந்ததால் சளி பிடித்திருக்கும் என்று பயந்திருக்கிறார்கள், பாவம். எல்லாம் தெரிந்தும் பெரியப்பா என் உடம்பைத்தான் விசாரிக்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அங்கன அருவில...” என்று ஆரம்பித்தேன். “ஏட்டி, பெரியப்பாவுக்குத் தண்ணி கொண்டா” என்று அப்பா அதட்டினார். எவ்வளவு பெரிய மனசு பெரியப்பாவுக்கு, அப்பாவும் இருக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்களைக்குப் போனேன். தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு, “ரொம்ப நன்றி பெரியப்பா” என்றேன். அதற்குப் பிறகும் அவர் வரும்போதெல்லாம் ஓடி ஓடிக் கவனித்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எனக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. ஆஸ்டலா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது பெரியப்பாதான் அவர்கள் வாயை அடைத்தார். “சிங்கப்பூர் வரைக்கும் போயி, ஒரு சொல்லு வாங்காம வந்த பிள்ள இது. தாராளமாப் போவட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரோரமாக நின்று வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அண்ணனுக்கு எதிரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவர் எனக்காக அண்ணனிடம் பொய் சொல்லியிருக்கிறார். நானோ அதற்கான நன்றி முழுவதையும் பெரியப்பாவுக்கே சொல்லி வந்திருக்கிறேன். அப்பா பக்கத்தில் நின்று அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.